‘பேசிட்டேன் மேடம், எல்லாம் ஓகே’

வாசகியின் கடிதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கும் பெண் எழுதியிருக்கிறார். வயது 34. நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கம்பெனியில் 160 பேர். அதில் எழுபது பேர் ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்கள். கம்பெனி பிடித்துக்கொடுத்த ரூம்களில் தங்கியிருக்கிறார்கள். ஒரு கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். போன வாரம், செக்கிங்கில் ஒரு மூத்த அக்கா, ஓவர்லாக் அடிக்கும் 19 வயது ஒடியாப் பையனின் பீஸ்களைத் திருப்பி அனுப்பினார். பையன் சிரித்தான். ‘திமிராடா?’ என்று லைன் சூப்பர்வைசர் பொடனியில் ஒன்று வைத்தார். பையன் நூல் வெட்டும் கத்திரியோடு எழுந்தான். யாருக்கும் காயமில்லை.

மறுநாள் வாசகி லைன் முழுவதையும் நிற்கவைத்து, இரண்டு பேரையும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ‘சாரி’ என்றார். பையன் தலையைக் குனிந்து மறுபடியும் சிரித்தான். அன்றிரவே இரண்டு பக்கமும் வாட்ஸப்பில் குரல் பதிவுகள். ‘நம்மாளக் குத்த வந்துட்டானுங்க’ என்று ஒன்று. ‘நம் பையனை அடித்தே போட்டுவிட்டார்கள்’ என்று ஒடியாவில் இன்னொன்று. விடிந்தபோது 41 பேர் வேலைக்கு வரவில்லை. பையைக் கட்டி வைத்துக்கொண்டு ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பையனை அனுப்பாவிட்டால் நாங்கள் வரமாட்டோம் என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். ஷிப்மென்ட்டுக்கு மூன்று வாரம். முதலாளி சொல்வது: ‘ஆதார் ஒரிஜினல் நம்ம பீரோவுலதான இருக்கு, குடுக்காத. ரெண்டு சனிக்கிழமை சம்பளத்தையும் நிறுத்திவை. எங்க போயிருவானுக?’

வாசகி கேட்பது மூன்று. அப்படி நிறுத்திவைக்கலாமா? இரண்டு தரப்பையும் எப்படிச் சேர்ப்பது? ‘எனக்கு ஹிந்தி வரும், எல்லாரையும் ஒரே குடும்பமாத்தான் நடத்தறோம், கான்ட்ராக்டரும் அப்பப்போ பேசி முடிச்சுக் குடுப்பாரு. அப்புறமும் ஏன் இப்படி?’

பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டும் யோசிக்க வேண்டியதே இல்லை. அதை முதலில் முடித்துவிடுவோம். மற்ற இரண்டும் நேரம் எடுக்கும்.

பீரோவைத் திறங்கள்

ஒருவருடைய ஆதாரை வைத்துக்கொண்டு அவரை வேலையில் உட்காரவைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. பி.எஃப். பதிவுக்கு வாங்கினீர்கள் என்றால் நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். விருப்பமில்லாதவரைச் சட்டவிரோதமாகக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 146-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை வரக்கூடிய குற்றம். அதற்கும் மேலே அரசியலமைப்பின் 23-வது பிரிவு நிற்கிறது. ரூம் கேட்டைப் பூட்டுவது என்ற பேச்சு யார் வாயிலாவது வந்தால், அது அதே சன்ஹிதாவின் 127-வது பிரிவில் வரும் சட்டவிரோத அடைப்பு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையைவிட்டு நீக்கினாலும் சரி, அவரே விலகினாலும் சரி, இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். ‘ஷிப்மென்ட் போன பிறகு’ என்று ஒரு தேதி சட்டத்தில் கிடையாது.

முதலாளியிடம் சட்டப் பிரிவுகளைச் சொன்னால் எடுபடாது என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியென்றால் பையர் ஆடிட்டை, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம் நடத்தும் சோதனையைச் சொல்லுங்கள். கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அடையாள ஆவணத்தைப் பிடித்துவைப்பது அதில் ஒன்று. கூலியை நிறுத்துவது இன்னொன்று. நடமாட்டத்தைத் தடுப்பது மூன்றாவது. உங்கள் முதலாளி ஒரே மூச்சில் முதல் இரண்டையும் சொல்லிவிட்டார். ஒரு ஷிப்மென்ட்டைக் காப்பாற்றப் போய் பையரையே தொலைத்துவிடக்கூடாது.

ஆதாரைக் கொடுத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்களே என்ற பயம் புரிகிறது. சிலர் போவார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது அவர்கள் பையைக் கட்டியிருப்பது அடி ஒன்றுக்காக மட்டும் இல்லை. ‘நம் அட்டை அவர்களிடம் மாட்டிக்கொண்டது’ என்ற பயமும் சேர்ந்துதான். அட்டை கைக்கு வந்ததும் அந்தப் பயம் பாதி இறங்கிவிடும். இன்று சாயங்காலமே, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீங்களே ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். கான்ட்ராக்டரிடம் கட்டாகக் கொடுத்தனுப்பாதீர்கள்.

நடுவில் நிற்கும் வாய்

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அடிதடி இல்லை. ஓரத்தில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி. ‘ஜூன் மாசம் மூணு நாள் லீவு வேணும்னு கேட்டாங்களாம். கான்ட்ராக்டர்தான், ஏதோ சாமி கும்பிடணுமாம், தேவையில்ல மேடம், நான் பேசிட்டேன், எல்லாம் ஓகேன்னாரு.’

அது ரஜோ. ஜூன் நடுவில் மூன்று நாள் ஒடிசாவில் கொண்டாடும் பெரிய பண்டிகை. பூமித்தாய்க்கு அந்த நாட்களில் தீட்டு என்று ஏர் பூட்டமாட்டார்கள், மண்ணைக் கொத்தமாட்டார்கள். பெண்களுக்கு வேலை கிடையாது. புதுத்துணி கட்டி, ஊஞ்சல் ஆடி, ‘பொடா பிட்டா’ என்ற பலகாரம் சாப்பிடுவார்கள். நம் பக்கம் ஆடி நோம்பிக்குத் தூரி கட்டி ஆடுவார்களே, அதை மூன்று நாளாக நீட்டிக்கொள்ளுங்கள். ஆடிப்பதினெட்டுக்கு லீவில்லை என்று உங்கள் தையல் அக்காக்களிடம் யாராவது சொல்லி, ‘அவங்க ஓகேன்னுட்டாங்க’ என்று உங்களிடம் வந்து சொன்னால் எப்படி இருக்கும்?

உங்களுக்கும் அந்த எழுபது பேருக்கும் நடுவில் ஒரே ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய்க்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வருமானம் வருகிறது. உங்கள் கோபத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஆட்கள் போய்விடுவார்கள். அவர்கள் குறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆர்டர் போய்விடும். ஆகவே இரண்டையும் வழியிலேயே கொட்டிவிட்டு வெறும் ‘ஓகே’யைச் சுமந்து வருகிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தொழிலாளர் வழக்குகளில் நான் அதிகம் பார்த்தது இதுதான்: மொழி தெரியாமல் வந்த சண்டை குறைவு, இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆளை நம்பி வந்த சண்டை அதிகம்.

‘எனக்கு ஹிந்தி வரும்’ என்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒடிசாவின் தாய்மொழி ஒடியா. எழுத்தே வேறு. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களிலும் வீட்டில் சந்தாலி பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஹிந்தி அவர்களில் பலருக்கு உங்களைப் போலவே படித்தோ கேட்டோ கற்ற மொழி. இரண்டு பக்கமும் அரைகுறையாக இருக்கும் ஒரு மொழியில் ‘எத்தனை பீஸ்’ என்று கேட்கலாம். ‘ஏன் மனசு விட்டுப்போச்சு?’ என்று கேட்க முடியாது. அவர்களை ஒரேயடியாக ‘ஹிந்திக்காரங்க’ என்பது, வெளியூரில் நம்மை எல்லாம் ‘மதராசி’ என்றார்களே, அதே கணக்குதான்.

வேறு வாய்கள் தேடுங்கள். ஐந்தாறு வருடமாக இங்கே இருந்து தமிழ் பழகிய ஒடியாப் பெண்கள் உங்கள் கம்பெனியிலேயே இருப்பார்கள். பெண்கள் தமிழை வேகமாகப் பிடித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன், காய்கறிக் கடையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அவர்களை விடுவதில்லை. ஒருவரை வேண்டாம், இரண்டு பேரை எடுங்கள். அந்த நேரத்துக்கும் சம்பளம் போடுங்கள். பிள்ளைகளை மட்டும் மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அப்பன் அடிவாங்கிய கதையைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைக்கக் கூடாது. மொபைல் செயலி ரேட்டும் மணியும் சொல்லப் போதும், மன்னிப்புக்குப் போதாது.

இன்னொன்று. ‘புரிஞ்சுதா?’, ‘சமஜ் கயா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். மேனேஜர் கேட்டால் யாரும் ‘ஹாங்’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பல நேரம் ‘காதில் விழுகிறது’ என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ‘நாளைக்கு எந்த ஸ்டைல், என்ன ரேட்டு, நீங்க சொல்லுங்க பாக்கலாம்’ என்று கேளுங்கள். திருப்பிச் சொல்லும்போதுதான் என்ன போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.

அந்தச் சிரிப்பு

பையன் இரண்டு முறை சிரித்திருக்கிறான். இரண்டு முறையும் நீங்களும் சூப்பர்வைசரும் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். நாலு பேர் முன்னால் மானம் போகும்போது என்ன செய்வதென்று தெரியாமல் வாய் தானாகக் கோணிக்கொள்வதற்குத் தமிழில் ஒரு பெயரே இருக்கிறது: அசட்டுச் சிரிப்பு. உள்ளூர்ப் பையன் அப்படிச் சிரித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவோம், ஏனென்றால் அவன் கண்ணையும் பார்ப்போம். பாஷை தெரியாத ஆளிடம் வாயை மட்டும் பார்க்கிறோம். அவன் உண்மையிலேயே திமிராகச் சிரித்திருக்கவும் கூடும், நான் அங்கே இல்லை. கேட்காமல் முடிவு கட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மன்னிப்புக் கூட்டம் நல்ல எண்ணத்தில் செய்தது. பலன் நேர் எதிராகப் போய்விட்டது. 52 வயது சூப்பர்வைசருக்கு லைன் முன்னால் தலை இறங்கியது. 19 வயதுப் பையனுக்கு முதல் நாள் பத்துப் பேர் முன்னால் விழுந்த அடி, மறுநாள் நூறு பேர் முன்னால் விழுந்தது. இனிமேல் முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். பையனைக் கேட்கும்போது அவன் ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டு பேரும் தயார் என்றால் நாலு பேர் மட்டும் இருக்கும் அறையில் பேசட்டும். தயாரில்லை என்றால் விட்டுவிடுங்கள். சேர்ந்து வேலை செய்ய ஒருவரையொருவர் பிடித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

சூப்பர்வைசரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘நாங்களும் கட்டிங் மாஸ்டர்கிட்ட அடிவாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகத்தான் இருக்கும். கைமடியாக (டெய்லருக்குக் கையாளாக) சேர்ந்த தலைமுறைக்கு அடி என்பது பாடத்தின் ஒரு பகுதி. ஆனால் இன்று அது நியாய சன்ஹிதாவின் 115-வது பிரிவில் வரும் குற்றம். பையன் புகார் கொடுக்க நினைத்தால் யாரும் தடுக்கக் கூடாது. சமாதானமாகப் போகும் உரிமையும் அடிவாங்கியவனுக்குத்தான் உண்டு, கம்பெனிக்கு இல்லை. ‘ஒரே குடும்பம்’ என்ற பேச்சை இந்த இடத்தில் எடுக்காதீர்கள், அம்மணி. குடும்பத்தில்தான் பொடனியில் அடிப்பார்கள்.

பையனை மட்டும் அனுப்பச் சொல்வதை ஏற்காதீர்கள். கத்திரியோடு எழுந்தது தப்பு, அதற்கு விளக்கம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். கை நீட்டியது தப்பு, அதற்கும் அதே நாளில், அதே தாளில் கொடுங்கள். விசாரணை இல்லாமல் ஒருவரை மட்டும் வெளியே தள்ளினால் அது சட்டத்திலும் நிற்காது, ரூமில் இருக்கும் நாற்பது பேரின் கண்ணிலும் நிற்காது.

‘ங்க’ எங்கே போச்சு?

கொங்குத் தமிழின் அழகே அந்த ‘ங்க’ தான். சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க, போங்க’ என்பவர்கள் இருக்கிற ஊர். அதே ஊரில், அதே வாய், ஒடியா ஆளைப் பார்த்ததும் ‘ஏய், இதர் ஆவ்’ என்கிறது. நம்மவர்கள் கற்ற ஹிந்தி பெரும்பாலும் ஏவல் ஹிந்தி: ஆவ், கர், ஜல்தி. ஹிந்தியில் தூ, தும், ஆப் என்று கீழிருந்து மேலாக மரியாதைக்கு மூன்று படி இருக்கிறது. ஒடியாவில் தூ, துமே, ஆபண. நமக்கு எப்படி ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் நடுவில் ஒரு உலகமே இருக்கிறதோ, அவர்களுக்கும் அப்படியே. இரண்டு பிள்ளைக்குத் தகப்பனை ‘தூ’ என்று கூப்பிடுகிறோம் என்பதே கூப்பிடுகிறவருக்குத் தெரிவதில்லை.

செலவில்லாத வேலை இது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது; மூத்தவர் என்றால் ‘பாய்னா’ (அண்ணா) சேர்ப்பது; ‘வடக்கன்’, ‘பான்பராக்’ போன்ற பட்டப்பெயர்களை சூப்பர்வைசர் மட்டத்திலேயே நிறுத்துவது. எடுத்துக்காட்டு நீங்கள்தான். மேனேஜர் வாயில் ‘ங்க’ வந்தால் லைனில் தானாக வரும்.

உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது

அவர்கள் சொல்வதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். படிக்கட்டில் புகையிலை துப்புகிறார்கள், ரூமில் ராத்திரி ஸ்பீக்கர் போடுகிறார்கள் என்பவை நிஜமான குறைகள். ஒடியாவில் எழுதிய ஒரு பலகையும், எழுபது பேருக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே அபராதமும் பாதியைத் தீர்க்கும். குட்கா தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது என்பதையும் அதே பலகையில் போடலாம்.

ஆனால் இவற்றுக்கு அடியில் இருப்பது கூலி. நீங்கள் ஒரு வரியில் கடந்துபோனதை நான் அடிக்கோடிட்டேன்: உள்ளூர் டெய்லர்கள் பீஸ் ரேட், வெளியூர்க்காரர்கள் கான்ட்ராக்டரிடம் ஷிப்ட் சம்பளம், ஒன்றரை ஷிப்ட் பெரும்பாலும் ரூமில் இருப்பவர்களுக்கே போகிறது, வேனில் வீடு திரும்பும் பெண்களுக்கு இல்லை. ‘இவங்க வந்ததுக்கு அப்புறம்தான் எங்க சம்பளம் கொறஞ்சுது’ என்று அந்த செக்கிங் அக்கா சொல்வதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. பிழை ஆளை மாற்றிப் பிடிப்பதில். ஷிப்ட்டைப் பிரித்துக் கொடுத்தது ஒடியாப் பையன் இல்லை, நிர்வாகம். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகும் வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி கொடுத்தால், அந்த அரை ஷிப்ட்டை மலிவு என்று ஒரு பக்கமே தள்ளும் காரணமும் போய்விடும். ரேட்டைத் தமிழிலும் ஒடியாவிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். எண்களை எல்லோரும் படிப்பார்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு வைத்தாக வேண்டும், அதில் நிர்வாகமும் தொழிலாளரும் சரிபாதி. உங்களிடம் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதில் ஒரு ஒடியாத் தொழிலாளரும் ஒரு ஜார்க்கண்ட் தொழிலாளரும் வரட்டும். கான்ட்ராக்டர் வேண்டாம். அந்தக் குழுவின் முதல் வேலையாகப் பண்டிகை லீவைப் பேசுங்கள். அடுத்த ரஜோ மட்டுமில்லை, தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை வரும், அதற்கு ஜார்க்கண்ட்காரர்கள் கேட்பார்கள். வெளிமாநிலத் தொழிலாளர் ஊருக்குப் போய்வரப் பயணப்படி தர வேண்டும் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்வதையும் கணக்கில் எடுங்கள். அது இருந்தால் ‘ஊருக்குப் போறேன்’ என்பது மிரட்டலாக இருக்காது, திரும்பி வரும் தேதியோடு கேட்கும் லீவாக இருக்கும்.

குரல் பதிவுகள்

2023 மார்ச் தொடக்கத்தில் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்களைப் பரப்பினார்கள். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு பொய் என்று வீடியோவிலேயே பேசினார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது, அவர்கள் திருப்பூருக்கும் வந்து விசாரித்தார்கள். அதற்குள் ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம் நிரம்பிவிட்டது. ‘அடித்தே போட்டுவிட்டார்கள்’ என்ற பதிவு உங்கள் ரூம்களில் எந்த நினைவைத் தொட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

அதற்கு மறுப்பு எழுதி ஒட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பையன் நலமாக இருக்கிறான் என்பதை அவனே ஒடியாவில் சொல்லி, அவன் ஊர்க் குழுவில் அவனே போடட்டும், அவனுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். உள்ளூர்க் குழுவில் ‘குத்த வந்துட்டானுங்க’ பதிவைப் பரப்புகிறவர்களிடம் தனியாகப் பேசுங்கள். பிறந்த ஊர், மொழி பெயரால் பகை மூட்டுவது நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை வரக்கூடிய குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. மிரட்டலாக வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள். கூடவே, 1966-ல் சிவசேனா தொடங்கிய காலத்தில் பம்பாயில் நம்மவர்களை ‘வேலையைப் பறிக்க வந்தவர்கள்’ என்று துரத்தியதை, தாராவியில் சொந்தம் இருக்கிற யாராவது லைனில் இருந்தால் அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். நான் சொன்னால் உபதேசம், அவர் சொன்னால் கதை.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பீரோ சாவி, இரண்டு வாரச் சம்பளக் கவர்கள், தமிழ் தெரிந்த இரண்டு ஒடியாப் பெண்கள். இவற்றோடு ரூமுக்கு நீங்களே போங்கள். சூப்பர்வைசரும் கான்ட்ராக்டரும் வர வேண்டாம். நின்றுகொண்டு பேசாமல் உட்காருங்கள். ‘எப்ப வேலைக்கு வர்றீங்க?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஜூனில் என்ன பண்டிகை என்று கேளுங்கள். தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர்கள் ஏறட்டும், அவர்களுக்கும் கணக்கு முடித்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். மறுபடி ஆள் தேடும்போது உங்கள் கம்பெனி எப்படி என்று ஊரில் சொல்லப்போவது அவர்கள்தான்.